ஃபார்ட்டி: நாற்பது கஜமும் நாலு வினாடியும்

அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் இருவர் பேச உட்கார்ந்தால் 'ஃபார்ட்டி' சீக்கிரமே வந்துவிடும். "அவன் ஃபார்ட்டி எவ்வளவு?" "நாலு மூணு." முடிந்தது பேச்சு. பக்கத்தில் இருப்பவருக்கு யாரோ வாய்ப்பாடு ஒப்பிப்பது போல இருக்கும். விஷயம் இதுதான்: அந்த ஆட்டக்காரர் நாற்பது கஜத்தை 4.3 வினாடியில் ஓடுவாராம். இந்தக் கடைசி 'ஆம்' முக்கியம்.

முழுப்பெயர் ஃபார்ட்டி யார்ட் டேஷ். யார்டுக்கு நாம் புதுச்சொல் தேட வேண்டாம். ஒன்பது கஜப் புடவை இன்னும் ஜவுளிக்கடையில் இருக்கிறது. நாற்பது கஜம் என்றால் 36.58 மீட்டர். கிரிக்கெட் பிட்ச் 22 கஜம், எனவே இரண்டு பிட்ச் நீளத்துக்கு நாலு கஜம் குறைவு.

டேஷ்தான் சுவையான சொல். ஆங்கிலத்தில் இதன் பழைய பொருள் மோதுவது, அடித்து நொறுக்குவது. திடீரெனப் பாய்ந்து ஓடுவது என்ற பொருள் பிறகு கிளைத்தது. "வண்டி போய் பஸ்ஸில் டேஷ் ஆயிடுச்சு" என்று நாம் சொல்லும்போது, தெரியாமலேயே அந்த மூலப்பொருளைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். ஓட்டத்துக்கு வரும் டேஷை 'விரைவோட்டம்' என்று எழுதலாம், தவறில்லை. எனக்குப் 'பாய்ச்சல்' பிடிக்கும். நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளம்பும் வேகம் அதில் இருக்கிறது. குதிரைக்கு நாலுகால் பாய்ச்சல் என்று சொல்லிப் பழகிய காதுக்கு அந்நியமாகவும் படாது. ஆக, நாற்பது கஜப் பாய்ச்சல்.

ஏன் நாற்பது? கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணியின் பயிற்சியாளர் பால் பிரவுன் தொடங்கிவைத்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. பந்தை உயர உதைத்து எதிரணிக்கு அனுப்பும் 'பன்ட்' ஏறக்குறைய நாற்பது கஜம் போகும். பந்து தரைக்கு வருவதற்குள் அங்கே போய்ச் சேர ஆளுக்குக் கால் இருக்கிறதா என்று பார்ப்பதற்கான சோதனை இது. அதாவது பிறக்கும்போது இது பந்தயமே இல்லை, வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வு. இன்றும் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகள் புது ஆட்டக்காரர்களை எடைபோடும் தேர்வு முகாமில் இதற்குத்தான் கூட்டம். அந்த முகாம் 1987 முதல் இண்டியானாபொலிஸில் நடக்கிறது.

சரி, சிக்கல் எங்கே? கடிகாரத்தில்.

தடகளத்தில் துப்பாக்கி வெடித்த கணமே கடிகாரம் ஓடத் தொடங்கும். வீரர் சத்தம் கேட்டு, உடலை அசைக்கும் நேரமும் அவர் கணக்கில்தான் சேரும். நாற்பது கஜத்தில் துப்பாக்கியே கிடையாது. ஆட்டக்காரர் தன் இஷ்டத்துக்குக் கிளம்புவார். அவர் அசைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பயிற்சியாளரின் கட்டைவிரல் பொத்தானை அழுத்தும். அதற்குள் வினாடியின் ஒரு சிறு பங்கு போயிருக்கும். முடிவுக்கோட்டில் அந்தத் தாமதம் இல்லை. ஆள் ஓடி வருவது கண்ணுக்குத் தெரிகிறது, விரல் தயாராக இருக்கிறது. தொடக்கத்தில் தாமதம், முடிவில் இல்லை என்றால் லாபம் முழுக்க ஓடுபவருக்கு. இதனால்தான் தடகளக்காரர்கள் 100 மீட்டரைக் கையால் அளந்தால் 0.24 வினாடி கூட்டிக்கொள்வது வழக்கம். 1977 முதல் 400 மீட்டர் வரையான ஓட்டங்களின் உலக சாதனைக்குக் கைக்கணக்கு செல்லவே செல்லாது என்றும் விதி வந்தது.

இப்போது அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் போ ஜாக்சனைப் பார்ப்போம். 1986இல் அவர் நாற்பது கஜத்தை 4.12 வினாடியில் ஓடினார் என்பது அமெரிக்காவில் ஏறக்குறைய புராணம். அளந்தது கை. 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடியபோது 30 மீட்டரை 3.78 வினாடியிலும் 40 மீட்டரை 4.64 வினாடியிலும் கடந்தார். இடையில் வரும் நாற்பது கஜத்தைக் கணக்கிட்டால் சுமார் 4.35. துப்பாக்கிச் சத்தத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட 0.146 வினாடியைக் கழித்துச் சலுகை கொடுத்தாலும் 4.20. முள் காலணி, உந்துகட்டை, உலக சாதனை எல்லாம் சேர்ந்து 4.20 என்றால், 4.12ஐ நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஜாக்சன் அசுர வேகக்காரர், அதில் சந்தேகமில்லை. சந்தேகம் கட்டைவிரல் மேல்தான்.

என்.எஃப்.எல். ஆட்டக்காரர் டி.கே. மெட்காஃப் நேராகத் தடத்துக்கே போய்ப் பார்த்தார். 2019 முகாமில் அவருடைய நேரம் 4.33. 2021 மே மாதம் கலிஃபோர்னியாவில் நிஜமான ஓட்டக்காரர்களோடு 100 மீட்டர் ஓடினார்: 10.37, தன் சுற்றில் கடைசி இடம். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள மனிதருக்கு அது பிரமாதமான நேரம். ஆனாலும் கடைசி.

இதே வித்தை வேறு கணக்கிலும் நடக்கும். 2019இல் பிரெஞ்சுக் கால்பந்து வீரர் எம்பாப்பே ஒரு ஆட்டத்தில் மணிக்கு 38 கிலோமீட்டர் தொட்டார், போல்ட்டின் வேகம் 37.58தான் என்று செய்தி பறந்தது. 37.58 என்பது போல்ட் நின்ற நிலையிலிருந்து 100 மீட்டரை முடித்த சராசரி. அவருடைய உச்சம் 44க்கு மேல். ஒருவரின் உச்சத்தை இன்னொருவரின் சராசரியோடு நிறுத்தினால் யாரும் ஜெயிக்கலாம். 2020இல் கர்நாடகத்தின் சேற்று வயல் எருமைப் பந்தயமான கம்பளாவில் ஸ்ரீநிவாச கவுடா எருமைகளோடு 142.5 மீட்டரை 13.62 வினாடியில் கடந்ததும், யாரோ விகிதம் போட்டு 100 மீட்டருக்கு 9.55 என்று எழுதிவிட்டார்கள். முன்னால் இழுத்துப் போன எருமைகளுக்கு அந்தக் கணக்கில் பங்கே கொடுக்கவில்லை, பாவம். அந்த ஒப்பீட்டைக் கவுடாவே ஏற்கவில்லை. தடகளத் தேர்வுக்கு அழைப்பு வந்தபோதும் அவர் போகவில்லை.

நம் இலக்கணத்தில் இதற்கு உயர்வு நவிற்சி என்று அழகான பெயர் உண்டு. ஆனால் அது கவிதைக்கு அணி; விளையாட்டுச் செய்திக்கு வேறு சொல் வேண்டும். கையால் அளந்ததைக் 'கைநேரம்' என்றும், முழுக்கக் கருவி அளந்ததைக் 'கருவிநேரம்' என்றும் எழுதலாம். முகாமின் இன்றைய நேரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எனவே 'ஃபார்ட்டி' என்று மட்டும் போடாமல் இப்படி எழுதிப் பார்க்கலாம்: "2024 முகாமில் சேவியர் வொர்த்தி நாற்பது கஜப் பாய்ச்சலை 4.21 வினாடியில் முடித்தார். கடிகாரத்தைத் தொடக்கியது கை, நிறுத்தியது கருவி."