பக்கத்துக் காம்பராவுக்குள் வழியும் பைட்டுகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் இணையம் என்றால் பெரும்பாலும் கையிலிருக்கும் போன்தான், இல்லாவிட்டால் சிக்னல் விழுகிற ஜன்னலோரம் பார்த்து வைத்த 4ஜி ரவுட்டர். ஆண்ட்ராய்டு போன் ஓடுவது லினக்ஸ் கேர்னலில், அதாவது வன்பொருளுக்கும் செயலிகளுக்கும் நடுவே நிற்கும் இயங்குதள மையத்தில். வீட்டு ரவுட்டர்கள் பலவற்றுக்குள்ளும் அதுவேதான். வந்து சேரும் தரவுப் பொதிகளை வாங்கிப் பிரித்து உரிய செயலியிடம் ஒப்படைப்பது அந்தக் கேர்னலின் வலையமைப்புப் பகுதி. அதற்காக நினைவகத்தில் ஓரிடத்திலுள்ள பைட்டுகளை இன்னோரிடத்துக்கு ஓயாமல் நகலெடுத்துக்கொண்டே இருக்கும்.

கேர்னல் எழுதப்பட்டிருக்கும் சி நிரல்மொழியில் இந்த வேலைக்கென்று இருப்பது மெம்கொப்பி என்ற கட்டளை. எங்கே, எங்கிருந்து, எத்தனை பைட் என்று மூன்று விவரம் கொடுத்தால் போதும், நகலெடுத்துவிடும். போய்ச் சேரும் இடத்தில் அத்தனைக்கும் இடம் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. அதைப் பார்த்துக்கொள்வது நிரல் எழுதுபவர் பொறுப்பு. வலையமைப்பு நிரலில் இது இரட்டை ஆபத்து, ஏனென்றால் ‘எத்தனை பைட்’ என்ற எண் பல வேளைகளில் வந்த பொதிக்குள்ளேயே இருக்கும். அதை எழுதி அனுப்பியவர் யாரோ.

2020இல் கூகிளைச் சேர்ந்த ஆண்டி நுயென் வெளிப்படுத்திய, லினக்ஸின் புளூடூத் பகுதியிலிருந்த ‘பிளீடிங்டூத்’ பாதுகாப்பு ஓட்டைகளில் ஒன்றைப் பாருங்கள். புளூடூத் சாதனங்கள் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சிறு அறிவிப்புகளைப் பரப்பிக்கொண்டே இருக்கும். பழைய முறையில் ஓர் அறிவிப்பின் தரவு 31 பைட்டைத் தாண்டாது. லினக்ஸும் கடைசியாக வந்த அறிவிப்பை வைத்துக்கொள்ள 31 பைட் இடம்தான் ஒதுக்கியிருந்தது. பிறகு புளூடூத் 5 வந்தது, அறிவிப்புகள் பல மடங்கு நீளமாகின. இடம் மட்டும் அதே 31. நீளத்தைச் சோதிக்காமலே மெம்கொப்பி ஓடியது. அதனால் ஸ்கேன் செய்துகொண்டிருக்கும் கணினிக்கு, புளூடூத் எட்டும் தூரத்திலிருந்து ஒருவர் நீளமான அறிவிப்பை அனுப்பினால், மிச்ச பைட்டுகள் அடுத்திருந்தவற்றின் மேல் விழுந்தன.

எதன் மேல் விழுந்தன என்பதுதான் இங்கே முக்கியம். அந்த 31 பைட் தனி இடமல்ல, புளூடூத் சாதனத்தைப் பற்றிய விவரம் அத்தனையையும் வைத்திருக்கும் பெரிய கட்டமைப்பொன்றின் நடுவே இருந்த ஒரு புலம், அதாவது ஒரு விவரத்துக்கென்று ஒதுக்கிய பகுதி. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரே கூரை, வரிசையாகக் காம்பராக்கள் என்னும் அறைகள், நடுவே ஒரு சுவர். ஒரு வீட்டுச் சாமான் சுவரைத் தாண்டி அடுத்த காம்பராவுக்குள் போனாலும், லயத்துக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

கேர்னலில் இருந்த காவலும் அப்படித்தான் நின்றது. 2017இல் வந்த 4.13 பதிப்பில் ‘ஃபோர்ட்டிஃபை சோர்ஸ்’ என்ற சோதனை சேர்ந்தது. போய்ச் சேரும் இடம் எவ்வளவு பெரிது என்று, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரிடம் கேட்டு, நகல் அதைத் தாண்டினால் பிடித்துவிடும். ஆனால் மெம்கொப்பி விஷயத்தில் அது கேட்டது முழுக் கட்டமைப்பின் அளவை. உள்ளேயே ஒரு புலத்திலிருந்து இன்னொரு புலத்துக்கு வழிந்தால் கண்டுகொள்ளாது.

சரி, புலத்தின் அளவையே கேட்டுவிட்டால் என்ன? கம்பைலருக்கு அதுவும் தெரியும். கேர்னல் பாதுகாப்பில் பல வருடமாக வேலை செய்துவரும் கீஸ் குக் அதைத்தான் செய்யப் போனார். குறுக்கே நின்றது வலையமைப்பு நிரலே.

இணையப் பொதிகளின் ஐபி 4ஆம் பதிப்பில், ஒவ்வொரு பொதியின் முன்னாலும் வரும் தலைப்பு குறைந்தது 20 பைட். அதில் 13 முதல் 16 வரை அனுப்புநர் முகவரி, 17 முதல் 20 வரை பெறுநர் முகவரி. இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால், அனுப்புநர் புலத்தைக் காட்டி ‘8 பைட்’ என்று சொன்னால் ஒரே நகலில் இரண்டும் வந்துவிடும். 4 பைட் புலத்தில் 8 பைட் எழுதுவது இங்கே திட்டமிட்டுச் செய்வது, சரியாகவும் வேலை செய்யும். ஆனால் சோதிக்கும் கருவியின் கண்ணுக்கு இதற்கும் அந்த புளூடூத் பிழைக்கும் வித்தியாசமே இல்லை. இப்படியான குறுக்குவழிகள் கேர்னலில் ஏராளம். காவலை இறுக்கினால் பொய் எச்சரிக்கைகள் குவிந்துவிடும்.

இதற்குக் கிடைத்த வழி எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்ததும் கூட. 2022 ஜனவரியில் வெளிவந்த 5.16இல் ‘ஸ்ட்ரக்ட் குரூப்’ என்ற மேக்ரோ (கம்பைல் செய்யும்போது நீண்ட நிரலாக விரியும் சுருக்கம்) வந்தது. ஒரே நினைவக இடத்துக்கு அது இரண்டு பார்வைகள் தரும். முகவரிகள் முன்போலத் தனித்தனிப் பெயரில் இருக்கும், இரண்டும் சேர்ந்த 8 பைட்டுக்கு இன்னொரு பெயரும் உண்டு. இரண்டையும் நகலெடுக்க வேண்டுமென்றால் அந்தக் கூட்டுப் பெயரைச் சொல்ல வேண்டும். பழைய நிரல் எதுவும் உடையாது, ஓடும்போது ஒரு பைட்கூடக் கூடுதலாகச் செலவாகாது. குறுக்குவழிகளை ஒவ்வொன்றாகத் தேடி மாற்றிய வேலைதான் நீண்டது.

அதன் பிறகு காவலை இறுக்க முடிந்தது. நீளம் முன்கூட்டியே தெரிந்தால் கம்பைல் செய்யும்போதே எச்சரிக்கை வரும். பொதியில் வரும் நீளம் என்றால் ஓடும்போதுதான் சோதிக்க வேண்டும், அது 6.1 பதிப்பில் வந்தது. புலத்தைத் தாண்டினால் கேர்னல் பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டு வேலையைத் தொடரும். வழிவதைத் தடுக்காத இது என்ன காவல் என்று கேட்கலாம். விட்டுப்போன ஒரு நல்ல குறுக்குவழிக்காக ரவுட்டர் நின்றுபோனால் யாருமே இதை இயக்கி வைக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதிக்குள் தேடினால் கேர்னல் பதிப்பு எண் இருக்கும். 4.14, 4.19 என்று தொடங்கினால் இந்தப் புலவாரிச் சோதனை பெரும்பாலும் அதில் இருக்காது. இப்படியான ஓட்டைகளுக்கான தனித்தனித் திருத்தங்கள், ஆதரவு நீடிக்கும் வரை பழைய கேர்னலுக்கும் வரும் (4.14, 4.19 இரண்டுக்கும் லினக்ஸ் தரப்பின் ஆதரவு 2024இல் முடிந்தது), ஆனால் போனைத் தயாரித்த நிறுவனம் அவற்றை அனுப்பியிருக்க வேண்டும், நீங்களும் அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் ஏற்றியிருக்க வேண்டும்.