தள்ளுபடியான சிவில் வழக்கை மறுபடி கோப்பில் எடுக்கச் சொல்லிக் கேட்க எத்தனை நாள்?

வாய்தா அன்று வாதியும் வரவில்லை, அவருடைய வக்கீலும் வரவில்லை, வழக்கு தள்ளுபடி. இந்தத் தள்ளுபடியை நீக்கி வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்கச் சொல்லி மனுப் போட 30 நாள் அவகாசம் உண்டு. தள்ளுபடியான தேதியிலிருந்து கணக்கு. விஷயம் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து அல்ல.

1908 காலவரம்புச் சட்டத்திலும் இதே 30 நாள்தான். 1964 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள 1963 சட்டத்திலும் (இணைப்பில் 122ஆம் கூறு) அப்படியே இருக்கிறது. தாமதத்தை மன்னிக்கும் 5ஆம் பிரிவுதான் மாறியது. பழைய சட்டத்தில் அது எல்லா மனுக்களுக்கும் தானாகப் பொருந்தாது. வேறொரு சட்டமோ விதியோ அதைப் பொருத்தியிருக்க வேண்டும். இப்போது உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 21இன் கீழ் வரும் நிறைவேற்று மனுக்கள் (தீர்ப்பை நிறைவேற்றக் கோருபவை) நீங்கலாக எந்த மனுவுக்கும் கேட்கலாம். போதுமான காரணம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். சாமானியருக்கு 1963 சட்டம் தந்த பெரிய சலுகை இதுதான் என்பேன்.

“மனு எதற்கு, புது வழக்கே போட்டுவிடலாமே?” என்று பலர் கேட்பார்கள். அன்றைக்கு யார் வரவில்லை என்பதைப் பொறுத்தது அது. பிரதிவாதி வந்து வாதி மட்டும் வராமல் தள்ளுபடியானால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 9 புது வழக்குக்கு வழியை அடைத்துவிடும். மனு ஒன்றே வழி. இரு தரப்புமே வராவிட்டால் விதி 4இன்படி புது வழக்கு போடலாம். ஆனால் அதற்கும் மூல காலவரம்பு (வழக்குப் போடச் சட்டம் தரும் கெடு) முடியாமல் இருக்க வேண்டும். 2014 ஜூனில் எழுதிய புரோநோட்டுக்கு 3 ஆண்டு கெடு. 2017 மார்ச்சில் வழக்குப் போட்டு, அக்டோபரில் தள்ளுபடியானால், கெடு ஜூனிலேயே முடிந்திருக்கும். முதல் வழக்கு நடந்த மாதங்களைக் கழித்துத் தரமாட்டார்கள். நீதிமன்ற அனுமதியோடு வழக்கைத் திரும்பப் பெற்றவருக்கும் பொதுவாக இதே கதிதான் (கட்டளை 23 விதி 2).

கழித்துத் தரும் இடம் காலவரம்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. அதிகாரவரம்பு இல்லாத, அதாவது அந்த வழக்கை விசாரிக்க அதிகாரம் இல்லாத, நீதிமன்றத்தில் தெரியாமல் வழக்குப் போட்டு அலைந்தவருக்கு அந்தக் காலம் கணக்கில் சேராது. 1859 காலவரம்புச் சட்டத்திலேயே இந்த ஏற்பாடு இருந்தது. நல்லெண்ணத்தோடும் உரிய கவனத்தோடும் வழக்கை நடத்தியதாக வாதி காட்ட வேண்டும். எதிராளியை இழுத்தடிக்கவே தவறான நீதிமன்றத்துக்குப் போனவருக்கு ஒரு நாள்கூடக் கழியாது.