ஆயிலைப் பார்க்கிறீர்கள், காகிதத்தை யார் பார்ப்பது?

மாங்கூழ் சீசனுக்கு முன்னால் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு தொழிற்சாலையில் பழைய ட்ரான்ஸ்பார்மரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். உள்ளே இருக்கும் காகிதம் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று ஆயிலை வைத்துச் சொல்லும் பியூரான் டெஸ்டுக்கு ஆயில் எடுக்கப் போனால், “நேற்றுதான் ஃபுல்லர்ஸ் எர்த் களிமண் போட்டு ஃபில்டர் செய்தோம் சார், பி.டி.வி. பிரமாதமாக வந்திருக்கிறது” என்கிறார்கள். ஓசூரிலும் தருமபுரியிலும் இதையே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

பி.டி.வி. என்பது ஆயில் எவ்வளவு வோல்டேஜ் வரை தாங்கும் என்ற அளவு. அது சொல்வது ஆயிலின் அன்றைய நிலையை மட்டும்தான். ஈரமும் தூசியும் போனால் அது ஏறத்தான் செய்யும். ட்ரான்ஸ்பார்மரின் ஆயுள் வைண்டிங்கில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில், சுற்றிய காகிதத்தில் இருக்கிறது. ஆயிலை மாற்றலாம், சுத்தம் செய்யலாம். காகிதத்தில் அறுந்த செல்லுலோஸ் சங்கிலியை எந்த ஃபில்டரும் ஒட்டவைக்காது. புதுக் காகிதத்தில் அந்தச் சங்கிலியின் நீளம், அதாவது டி.பி. எண், 1000 அளவில் இருக்கும். 200 அளவுக்கு இறங்கினால் ஆயுள் முடிந்ததாகக் கணக்கு. அப்போதும் அது மின்சாரத்தைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் முறுக்கினால் நொறுங்கும் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். வெளியே ஒரு ஷார்ட் சர்க்யூட், வைண்டிங் ஓர் உதறு உதறும், அத்தோடு சரி.

ஓடுகிற ட்ரான்ஸ்பார்மரைப் பிரித்துக் காகிதம் எடுக்க முடியாது. அதனால்தான் அது சிதையும்போது ஆயிலில் கலக்கும் 2-பர்பியூரல் என்ற பியூரானைத் தேடுகிறோம். வெப்பம் தாங்கும்படி பதப்படுத்திய காகிதம் என்றால் பியூரான் குறைவாகவே வரும், அங்கே காகிதம் சிதையும்போது வரும் மெத்தனால் உதவும். கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு அளவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தத் தடயங்களைத்தான் அந்த ஃபில்டர் துடைத்துவிடுகிறது! காகிதத்தில் மிச்சமிருப்பது ஆயிலுக்குத் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வரும் ரிப்போர்ட் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

முதலில் மாதிரி எடுங்கள், அப்புறம் ஃபில்டர் செய்யுங்கள். மாதிரி எடுத்தபோது ஆயில் என்ன சூட்டில் இருந்தது என்று எழுதிவையுங்கள். சூடு மாறினால் பியூரான் அளவும் மாறும். பாட்டிலை வெயிலில் வைக்காதீர்கள். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள், வருடா வருடம் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள்.

கூழ் ஆலைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். சீசன் முடிந்து அணைத்த ட்ரான்ஸ்பார்மர் ஆறும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்று நுழையும் ப்ரீதரில் ஈரத்தை உறிஞ்சும் நீல சிலிகா ஜெல் வெளிறி இளஞ்சிவப்பானால் தயவுசெய்து அன்றே மாற்றுங்கள். காகிதத்துக்குச் சூட்டுக்கு அடுத்த எதிரி ஈரம்தான்.