சர்க்கரை இருக்கிறது, சரி. பலவீனத்துக்கும் அதுதான் காரணமா?

சர்க்கரை உள்ளவர் கால் மரத்துப்போகிறது என்று சொன்னாலே நம் ஊரில் பதில் தயாராக இருக்கும்: "சர்க்கரை நரம்பைத் தொட்டுவிட்டது, சத்து மாத்திரை போடுங்கள்." பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் அதே ஆள் தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை, குளிக்கும்போது சொம்பைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை என்றும் சொன்னால், அந்தப் பதிலோடு நிறுத்தக்கூடாது. சர்க்கரையால் வரும் வழக்கமான நரம்புப் பாதிப்பு பாதத்தில் தொடங்கி, வருடக்கணக்கில் மெல்ல மேலேறும். சில மாதங்களில் தொடையும் தோளும் சேர்ந்து தளர்வது அதன் குணம் இல்லை.

அப்போது யோசிக்க வேண்டியது சிஐடிபி (CIDP) என்ற நரம்பு நோய். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைச் சுற்றியுள்ள மயலின் என்ற காப்பு உறையைத் தாக்குவதால் வரும் நாள்பட்ட அழற்சி இது. இதே போல நரம்பைத் தாக்கி திடீரென வரும் கில்லன் பாரே நோய் 4 வாரத்துக்குள் உச்சம் தொட்டுவிடும். சிஐடிபியோ 8 வாரம் தாண்டியும் கூடிக்கொண்டே போகும், அல்லது விட்டு விட்டு வரும். சுத்தியலால் தட்டினால் முழங்கால் அசையாது, பல நேரம் முழங்கையும்தான்.

உறுதிப்படுத்த நரம்பு மின்கடத்தல் சோதனை வேண்டும். ஏசி அறையில் சில்லிட்ட கையில் எடுத்தால் நல்ல நரம்பும் மெதுவாகவே கடத்தும். உள்ளங்கை 33 டிகிரி, கணுக்கால் 30 டிகிரியாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் சூடேற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். முதுகுத்தண்டு நீரில் புரதம் கூடியிருப்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வருவதும் ஆபத்து. சர்க்கரை நோயே அதைக் கொஞ்சம் கூட்டும். இல்லாத சிஐடிபிக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களும் உண்டு.

சிஐடிபியில் வகை பிரிப்பது ஏட்டுச் சமாச்சாரம் இல்லை, மருந்தே மாறும். தொடு உணர்ச்சி நன்றாக இருந்து பலம் மட்டும் குறைந்தால் ஸ்டீராய்டு நிலைமையை மோசமாக்கலாம், ஐவிஐஜிதான் (நரம்பு வழியே ஏற்றும் எதிர்ப்புப் புரத மருந்து, IVIG) முதலில். பாதத்திலும் கையிலும் மட்டும் என்றால் ரத்தத்தில் ஐஜிஎம் (IgM) என்ற எதிர்ப்புப் புரதமும், மேக் (MAG) என்ற மயலின் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பானும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுக்கமும் தள்ளாட்டமும் சேர்ந்து, ஐவிஐஜி பலிக்கவில்லை என்றால், நியூரோஃபாசின் 155 போன்ற நரம்புப் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பான்களைத் தேட வேண்டும். 2021 ஐரோப்பிய வழிகாட்டுதல் இந்தக் கூட்டத்தை சிஐடிபியிலிருந்தே பிரித்துவிட்டது. இவர்களில் பலருக்கு ரிட்டுக்சிமாப் என்ற மருந்து கைகொடுக்கிறது.

அப்புறம் செலவு. ஐவிஐஜி முதல் சுற்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம். 60 கிலோ ஆளுக்கு 120 கிராம். ஸ்டீராய்டு மலிவு, ஆனால் சர்க்கரையை ஏற்றிவிடும். அதனால் மருந்து பலிக்கிறதா என்று தெரிய, தொடங்கும் முன்பே கைப்பிடி பலத்தையும் நடக்கும் நேரத்தையும் அளந்து குறித்துவைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது கருத்துக்குப் போகும்போது சோதனையின் கடைசி வரியை மட்டும் காட்டாமல், அலைப் படங்கள் உள்ள பக்கங்களையும் எடுத்துப் போங்கள்.