ராக் அண்ட் ரோல்: தமிழில் என்ன சொல்வது?

ராக் இசையைப் ‘பாறை இசை’ என்று சிலர் தமிழாக்குகிறார்கள். அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்துக்கொண்டதால் வந்த பிழை இது. இங்கே ‘ராக்’ என்பது வினை. தொட்டிலை ஆட்டுகிறோமே, ஆடுநாற்காலியில் முன்னும் பின்னும் அசைகிறோமே, அந்த ஆட்டம்தான் அது. ‘ரோல்’ என்றால் உருளுதல், புரளுதல். அலையில் கப்பல் படும் பாட்டைச் சொல்ல ஆங்கில மாலுமிகள் இரண்டு சொற்களையும் சேர்த்தே வழங்கினார்கள்.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் இந்தச் சொல் இரண்டு இடங்களில் ஊறி வளர்ந்தது. ஒன்று தேவாலயம். பாட்டும் கைத்தட்டலும் ஏற ஏற, அருள் வந்ததுபோல் உடம்பு ஆடும் நிலைக்கு அங்கே இந்தச் சொல்தான். கையில் கிதாருடன் பக்திப் பாடல் பாடிய சிஸ்டர் ரோசெட்டா தார்ப் 1938இல் பதிவு செய்த பாட்டின் பெயரே ‘ராக் மீ’. இன்னொன்று கட்டில் பேச்சு. 1922இலேயே பாடகி டிரிக்ஸி ஸ்மித் இரண்டு சொற்களையும் அந்தப் பொருளில் தன் இசைத்தட்டுக்குத் தலைப்பாக வைத்துவிட்டார். சாமிக்கும் சரசத்துக்கும் ஒரே சொல். இந்த இசையின் உயிரே அந்த இரட்டைப் பொருளில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த ஆட்டத்தைக் காதால் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சீராக எண்ணுங்கள். ஒன்றில் தட்டாமல், இரண்டிலும் நான்கிலும் மட்டும் அழுத்திக் கை தட்டுங்கள். உடம்பு தானாக அசையும். நியூ ஆர்லியன்ஸ் பாடகர் ராய் பிரவுன் எழுதிப் பாடிய ‘குட் ராக்கின் டுநைட்’ என்ற பாட்டை வைனோனி ஹாரிஸ் என்ற இன்னொரு பாடகர் பாடி, அது 1948இல் பெரிய வெற்றி பெற்றது. அந்த இசைத்தட்டில் கேட்பது இந்தக் கைத்தட்டல்தான், தேவாலயத்திலிருந்து அப்படியே மதுக்கூடத்துக்கு வந்த கைத்தட்டல். இதே பாட்டை வெள்ளையினப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பதிவு செய்தது 1954இல்.

சரி, இதே இசைக்கு வழங்கிய இன்னொரு பெயரான ‘ரிதம் அண்ட் புளூஸ்’ எங்கிருந்து வந்தது? அது விற்பனைக்காக வைத்த பெயர். கறுப்பினக் கலைஞர்களின் இசைத்தட்டுகளை 1920களிலிருந்து ‘இனத் தட்டுகள்’ என்று தனியே பிரித்து விற்றார்கள். ‘பில்போர்டு’ என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் தரவரிசைப் பட்டியலும் 1940களில் அதே பெயரைத் தாங்கியிருந்தது. அங்கே வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லர் அதற்கு மாற்றாகத் தந்த பெயர்தான் ‘ரிதம் அண்ட் புளூஸ்’. 1949 ஜூனில் பட்டியலின் தலைப்பு மாறியது. பெயர் மரியாதையானதாக ஆனாலும் பட்டியல் தனியாகவேதான் இருந்தது.

அப்புறம் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம். அங்கே ஆலன் ஃபிரீட் என்ற வெள்ளையின வானொலி அறிவிப்பாளர் 1951 முதல் இரவு நேரத்தில் இந்தத் தட்டுகளை ஒலிபரப்பினார். வெள்ளைப் பிள்ளைகளும் கேட்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அவர் சொன்ன பெயர் ‘ராக் அண்ட் ரோல்’. 1954இல் அவர் நியூயார்க் போனபோது பெயரும் கூடவே போய் நாடெங்கும் பரவியது. சொல்லை அவர் உண்டாக்கவில்லை, பரப்பினார். பல நூல்களில் அவரே இதைப் படைத்தவர் என்று இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினப் பாடகர் ஃபேட்ஸ் டொமினோவிடம் இந்தப் புது இசையைப் பற்றிக் கேட்டபோது, இது ரிதம் அண்ட் புளூஸ்தான், நியூ ஆர்லியன்ஸில் பல வருஷமாக நான் வாசித்துக்கொண்டிருப்பதுதான் என்றார். அவர் முதல் தட்டு 1949 டிசம்பரில் பதிவானது. 1955இல் சக் பெரி, லிட்டில் ரிச்சர்ட் என்ற கறுப்பினப் பாடகர்களும் நாடறிந்தவர்கள் ஆனார்கள். ரிதம் அண்ட் புளூஸ், ராக் அண்ட் ரோல் இரண்டும் தோலின் நிறத்தைப் பார்த்து ஒரே இசைக்கு இட்ட இரண்டு பெயர்கள் என்பதே என் கணிப்பு.

இனி தமிழ். ‘ரிதம்’ என்பதற்குத் தாளம், தாளநடை போதும். பழைய இசைத்தமிழில் தூக்கு, பாணி என்ற சொற்களும் உண்டு, ஆனால் இன்று அவை வேறு பொருளுக்குப் போய்விட்டன. ‘புளூஸ்’ என்ற கறுப்பினப் பாட்டு வகையின் பெயர் மனச்சோர்வைக் குறித்த பழைய ஆங்கில வழக்கிலிருந்து வந்தது. அதனால் ‘துயரிசை’ என்கிறார்கள். நான் ஏற்கமாட்டேன். புளூஸில் கேலி உண்டு, காமம் உண்டு, குத்தாட்டமும் உண்டு. தெம்மாங்கைப் பிற மொழியில் சொல்லும்போது தெம்மாங்கு என்றேதான் சொல்வோம், அதுபோல் புளூஸ் புளூஸாகவே இருக்கட்டும். ஆகவே ‘தாள புளூஸ்’.

‘ராக் அண்ட் ரோல்’ என்பதற்கு ‘அசைவுருட்டு’ என்று நான் எழுதிவருகிறேன். உருட்டு என்றால் இப்போது கதை அளப்பது என்றுதான் பிள்ளைகளுக்குத் தோன்றும். ஆனால் சிலப்பதிகாரத்தின் கானல்வரியைப் பாருங்கள். யாழ் மீட்டும் விரல் தொழில்கள் எட்டைச் சொல்லும் இடத்தில் வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல் என்பவற்றை அடுத்து ‘சீருடன் உருட்டல்’ என்று வருகிறது. நரம்பின் மேல் விரல் உருளும் தொழிலுக்கு நம்மிடம் இந்தப் பெயர் அன்றே இருந்திருக்கிறது. பின்னால் 1960களில் கிளைத்த ராக் இசைக்கு ‘அசைவிசை’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

இன்றைக்கு ‘ஆர் அண்ட் பி’ (ரிதம் அண்ட் புளூஸ் என்பதன் சுருக்கம்) என்று விற்கப்படுவது மென்மையான, கணினித் தாளம் கலந்த வேறொரு பாட்டு. அதைத் தாள புளூஸ் என்று எழுத வேண்டாம், 1940, 50களின் இசைக்கு மட்டும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளுங்கள்.