ப்ளூ பேட்ஜ்: கிடைக்க வேண்டியவருக்கு ஏன் மறுக்கப்படுகிறது, கிடைத்த பின் எங்கே செல்லாது

இங்கிலாந்தில் வாழும் நம்மவர்களுக்கு, நடமாடச் சிரமப்படுபவர் போகும் இடத்துக்கு அருகிலேயே வாகனத்தை நிறுத்த உதவும் ப்ளூ பேட்ஜ் அட்டைக்கான படிவங்களை நிரப்பிக் கொடுக்கத் தொடங்கிய பிறகு என் கைக்கு வந்த மறுப்புக் கடிதங்களில் பெரும்பாலானவை, நோயின் கடுமை போதாமையால் வந்தவை அல்ல. எதை எழுத வேண்டும், எந்தத் தாளை இணைக்க வேண்டும் என்று எவரும் சொல்லிக் கொடுக்காததால் வந்தவை. இரு முழங்கால்களும் தேய்ந்து, வாசலிலிருந்து கார் வரை போவதற்குள் இரு முறை நின்று மூச்சு வாங்கும் ஒரு மூதாட்டிக்கு வந்த கடிதத்தை அவருடைய மகள் என்னிடம் நீட்டியபோது, அதில் குறிப்பிட்டிருந்த காரணம் ஒரே வரியில் அடங்கிவிட்டது: சமர்ப்பித்த சான்று தகுதியைக் காட்டவில்லை. அந்த அம்மாவின் கால்களைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

திட்டத்தின் பின்னணி சுருக்கமானது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1971இல் ஆரஞ்சு நிற அட்டையாகத் தொடங்கி 2000இல் நீல நிறத்துக்கு மாறிய இந்த அட்டை, நடக்க இயலாதவர் தாம் போகும் இடத்துக்கு அருகிலேயே வாகனத்தைத் தரிப்பதற்கானது. உள்ளூர் கவுன்சில் வழங்குகிறது, பெரும்பாலும் மூன்று ஆண்டுகள் செல்லும், கட்டணம் 10 பவுணைத் தாண்டாது. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் விதிகள் சற்று மாறுவதால், இங்கே சொல்வதை இங்கிலாந்துக்கு மட்டும் உரியதாக எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை அரசின் தளத்திலோ உங்கள் கவுன்சிலிலோ மட்டுமே கொடுங்கள். ‘விரைவாக எடுத்துத் தருகிறோம்’ என்று 40, 50 பவுண் கேட்கும் தளங்களால் உங்கள் விண்ணப்பத்தை ஒரு நாள்கூட முன்னால் நகர்த்த முடியாது.

இனி, பலர் விழும் குழிகளுக்கு வருவோம். நீண்டகால நோயோ குறைபாடோ உள்ளவர்களுக்கு அரசு தரும் பெர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமெண்ட், அதாவது நாம் ‘பிப்’ என்று சொல்லும் உதவித்தொகையைப் பெற்றாலே அட்டை தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் இவற்றுள் முதலாவது. ஆனால் அட்டைக்கு, பிப் தீர்ப்புக் கடிதத்தில் ‘நடமாடுதல்’ என்ற ஒரு பகுதியில் மட்டும் 8 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் இருக்க வேண்டும். 50 மீற்றருக்கு மேல் நடக்க முடியாதவர் என்பதே ஏறத்தாழ அதன் பொருள். நடமாடுதலில் 4, பயணத்தைத் திட்டமிடுவதில் 4 என்று சேர்ந்து 8 வந்தால் உதவித்தொகை கிடைக்கும், அட்டைக்கான நேரடித் தகுதி கிடைக்காது. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டு விண்ணப்பித்து, ஏன் மறுத்தார்கள் என்று புரியாமல் நிற்பவர்கள் பெரும்பாலும் இந்த வகையினரே.

இதைவிட விசித்திரமானது அடுத்த விதி. உடலால் நடக்க முடிந்தாலும், பயணத்தைத் திட்டமிடும் பகுதியில், வீட்டை விட்டுப் புறப்படுவதே தாங்க முடியாத மன உளைச்சலைத் தருவதால் எந்தப் பயணமும் செய்ய முடியாது என்ற ‘ஈ’ எழுத்திட்ட கூற்றின் கீழ் ஒருவருக்கு 10 புள்ளிகள் வழங்கப்பட்டிருந்தால் அவர் நேரடியாகத் தகுதி பெறுகிறார். அதே 10 புள்ளிகள், பழக்கமில்லாத இடத்துக்குத் துணையின்றிப் போக முடியாது என்ற ‘டி’ கூற்றுக்காக வந்திருந்தால் அந்தத் தகுதி இல்லை. அதற்கும் மேலே, பழகிய வழியில்கூடத் துணையின்றிப் போக முடியாதவருக்கு ‘எஃப்’ கூற்றின் கீழ் 12 புள்ளிகள் கொடுக்கிறார்கள். அவருக்கு உதவித்தொகையின் உயர்ந்த விகிதம் கிடைக்கும், அதைக் கொண்டு மோட்டபிலிட்டி திட்டத்தில் காரும் எடுக்கலாம், ஆனால் அந்தக் காரைத் தரிப்பதற்கான அட்டை தானாகக் கிடைக்காது. இரண்டு திட்டங்களையும் எழுதியவர்கள் ஒரு நாளாவது ஒரே மேசையில் அமர்ந்திருந்தால் இப்படி ஒரு விதி வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓய்வூதிய வயதைக் கடந்தவர்களின் நிலை வேறு. அவர்கள் புதிதாகப் பிப் கேட்க முடியாது. அவர்களுக்கு உரிய பராமரிப்பு உதவித்தொகையான அட்டெண்டன்ஸ் அலவன்ஸில் நடமாட்டத்துக்கென்று ஒரு பிரிவே கிடையாது என்பதால், அதன் உயர்ந்த விகிதத்தைப் பெறுபவருக்கும் ப்ளூ பேட்ஜ் தானாக வராது. நான் மேலே சொன்ன மூதாட்டியின் படிவத்தோடு இணைக்கப்பட்டிருந்தது அந்த அலவன்ஸ் கடிதம் ஒன்றுதான்.

ஆனால் ‘தானாகக் கிடைக்காது’ என்பது ‘கிடைக்காது’ என்று ஆகிவிடாது. இதைத் தொலைபேசியில் பேசும் அலுவலர்கள் தெளிவாகச் சொல்வதில்லை, நம்மவர்களும் அத்துடன் கைவிட்டுவிடுகிறார்கள். நேரடித் தகுதி இல்லாதவருக்கு மேலதிக மதிப்பீடு என்ற இரண்டாவது கதவு இருக்கிறது. நடக்க முடியாமை, நடப்பதில் மிகுந்த சிரமம், பயணத்தின்போது மிகுந்த மன உளைச்சல், தமக்கோ பிறருக்கோ கடுமையான ஆபத்து நேரும் நிலை ஆகியவற்றில் ஒன்று, குறைந்தது மூன்று ஆண்டுகளாவது நீடிக்கக்கூடிய குறைபாட்டால் வருகிறது என்று அங்கே காட்ட வேண்டும். ஆறு மாதத்தில் குணமாகும் எலும்பு முறிவுக்கு இது உதவாது. கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகள் 2019 ஆகஸ்ட் 30 முதல் இங்கிலாந்தில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருப்பதால், டிமென்ஷியா உள்ளவர்களுக்கும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் இதே வழியில் கேட்கலாம்.

இந்த மதிப்பீட்டில் நோயின் பெயருக்குப் பெரிய மதிப்பு இல்லை. ‘மூட்டுவாதம், நீரிழிவு, இரத்த அழுத்தம்’ என்று எழுதிவிட்டு, குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் பணம் கொடுத்து வாங்கிய இரண்டு வரிக் கடிதத்தையும் இணைத்து அனுப்பினால் மறுப்பைத்தான் எதிர்பார்க்க வேண்டும். எத்தனை அடி நடந்ததும் நிற்க வேண்டியிருக்கிறது, எத்தனை நிமிடம் நின்ற பின் மீண்டும் நடக்க முடிகிறது, வலி எங்கே தொடங்கி எவ்வளவு நேரம் தங்குகிறது, கடைசியாக எப்போது விழுந்தார், யார் தாங்கிப் பிடித்தார் என்பவற்றை எழுதுங்கள். நல்ல நாளை விட்டுவிட்டு, வாரத்தில் பெரும்பாலான நாட்கள் எப்படி இருக்கின்றனவோ அதை எழுதுங்கள். வலி மருத்துவ நிலையம், பிசியோதெரபி, நிபுணரின் கடிதம், மருந்துப் பட்டியல் என்று கையில் உள்ளவற்றின் எல்லாப் பக்கங்களையும் இணையுங்கள். பிப் கடிதமானால் புள்ளிகள் உள்ள பக்கம் கட்டாயம் வேண்டும். முதல் பக்கத்தை மட்டும் அனுப்பியதற்காகத் திரும்பி வந்த விண்ணப்பங்கள் ஏராளம்.

நேரில் மதிப்பீட்டுக்கு அழைத்தால், நம் பெரியவர்களிடம் ஒரு விஷயத்தைப் பல முறை சொல்லி வையுங்கள். அந்நியர் முன்னால் தளர்வைக் காட்டக்கூடாது என்று வளர்ந்த தலைமுறை அது. ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று மதிப்பீட்டாளர் கேட்டதும் ‘பரவாயில்லை பிள்ளை, சமாளிக்கிறேன்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லி, வலியைப் பல்லைக் கடித்து மறைத்து நிமிர்ந்து நடந்து காட்டிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுக்கையில் கிடப்பது கோப்பில் ஏறுவதில்லை. காத்திருக்கும் அறையிலிருந்து எழுந்து வரும் விதத்தையும் கவனிப்பார்கள் என்பதால், வழக்கமாகப் பிடிக்கும் கைத்தடியை மரியாதைக்காக வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் நாள் குறிக்கும்போதே கேளுங்கள். மகனோ மகளோ மொழிபெயர்க்கும்போது தாய் தன் கழிவறைச் சிரமங்களைச் சொல்வதில்லை என்பதை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன்.

மறுத்துவிட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டு, கவுன்சிலிடம் மறுபரிசீலனை கோருங்கள். பிப் போல இதற்குத் தீர்ப்பாயம் கிடையாது. கவுன்சிலின் முறைப்பாட்டு வழி முழுவதும் முடிந்த பிறகு, கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரியான ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், ஆனால் அங்கே முடிவு எடுக்கப்பட்ட முறை சரியா என்பதையே பார்ப்பார்கள். ஆகவே மறுபரிசீலனைக்குப் பழைய தாள்களையே மீண்டும் அனுப்பாமல், கடிதத்தில் இல்லை என்று சொல்லப்பட்ட சான்றை மட்டும் தேடிச் சேர்த்து அனுப்புங்கள். அந்த மூதாட்டிக்குப் பிசியோதெரபிஸ்டின் குறிப்புகள் அலமாரியிலேயே கிடந்தன, அவற்றைச் சேர்த்ததும் அட்டை வந்தது.

அட்டை கைக்கு வந்தவுடன் அடுத்த தொல்லை தொடங்குகிறது. ப்ளூ பேட்ஜ் பொதுத் தெருவுக்கான உரிமை. சூப்பர் மார்க்கெட்டின் தரிப்பிடம் தனியார் நிலம், அங்கே இந்தத் திட்டம் சட்டப்படி செல்லாது. எத்தனை மணி நேரம், கட்டணம் உண்டா என்பதை அங்குள்ள பலகைதான் தீர்மானிக்கிறது. வாகன இலக்கத்தைப் படிக்கும் கமராவின் கண்ணுக்கு உங்கள் டாஷ்போர்டில் உள்ள அட்டை தெரியாது. மெதுவாக நடப்பவருக்குக் கூடுதல் நேரம் தேவைப்பட்டால், உள்ளே போனதும் வாடிக்கையாளர் மேசையில் வாகன இலக்கத்தைப் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டுவிடுங்கள். மருத்துவமனைகளில் அட்டை உள்ள நோயாளிக்கும் பார்வையாளருக்கும் இலவசம் என்றாலும், பலவற்றில் அதையும் பதிய வேண்டும். கவுன்சில் நடத்தும் தரிப்பிடங்களிலும் பலகையைப் படிக்காமல் இலவசம் என்று நினைக்க வேண்டாம்.

தனியார் நிறுவனத்தின் கட்டணச் சீட்டு வந்துவிட்டால், அதைக் கிழித்துப் போடாதீர்கள், பயந்து உடனே பணமும் கட்டாதீர்கள். முதலில் 28 நாட்களுக்குள் அந்த நிறுவனத்திடமே மேன்முறையீடு செய்து, அட்டையின் பிரதியையும், கூடுதல் நேரம் ஏன் தேவைப்பட்டது என்பதையும், 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் சேவை வழங்குவோரிடம் நியாயமான மாற்றங்களை எதிர்பார்க்கிறது என்பதையும் எழுதுங்கள். மறுத்தால், நிறுவனம் எந்தச் சங்கத்தைச் சேர்ந்ததோ அதற்கேற்ப, தனியார் தரிப்பிடச் சீட்டுகளுக்கான மேன்முறையீட்டு அமைப்புகளான பாப்லாவுக்கோ ஐ.ஏ.எஸ்.ஸுக்கோ போகலாம். கடன் வசூலிப்போரின் கடிதம் வேறு, நீதிமன்றத்தின் கடிதம் வேறு. இரண்டாவதற்கு ஒரு நாளும் பதில் போடாமல் இருக்காதீர்கள்.

இந்த இடத்தில், சூப்பர் மார்க்கெட்டின் மாற்றுத்திறனாளி இடத்தில் அட்டையே இல்லாமல் நிறுத்திவிட்டு ‘ஐந்தே நிமிடம்’ என்று ஓடுபவர்களைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கவுன்சிலின் தண்ட அலுவலருக்கு அந்தத் தனியார் நிலத்தில் அதிகாரம் இல்லை. கடை முகாமையாளரிடம்தான் முறையிட வேண்டும். காரிலிருந்து நிமிர்ந்து இறங்கியவரைப் பார்த்து ‘உமக்கு என்ன குறை’ என்று சண்டைக்குப் போகவும் வேண்டாம், அவர் உள்ளுறுப்பு நோயோ மனநோயோ உள்ள அட்டைதாரராக இருக்கலாம்.

பொதுத் தெருவில் தண்டம் வருவது பெரும்பாலும் சிறு பிழைகளால். அட்டையின் முன்பக்கம் மேலே தெரிய வேண்டும், படம் உள்ள பக்கம் கீழே இருக்க வேண்டும். மற்றவர்கள் தரிக்கக்கூடாத மஞ்சள் கோட்டில் மூன்று மணி நேரம் வரை தரிக்கலாம், ஆனால் ப்ளூ பேட்ஜுடன் தரப்படும் கடிகார அட்டையில் வந்த நேரத்தைக் காட்டி வைக்க வேண்டும். நடைபாதை ஓரக் கல்லில் குறுக்கு மஞ்சள் கோடுகள் இருந்தால் அது பொருள் ஏற்றி இறக்கத் தடையுள்ள இடம், அங்கே அட்டை செல்லாது. மத்திய லண்டனின் சில கவுன்சில்களில் விதி தனி என்பதால் போகுமுன் பாருங்கள். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு அம்மாவுக்கு மருந்து வாங்கப் போகும் மகன் அவருடைய அட்டையை வைத்தால் அது முறைகேடு. அட்டை பறிபோகலாம், நீதிமன்றம் போனால் தண்டம் 1,000 பவுண் வரை உயரலாம்.

வீட்டு வாசல் தெருவில் கவுன்சில் வரைந்து தரும் மாற்றுத்திறனாளி தரிப்பிடக் கட்டமும் உங்கள் சொத்து ஆகாது. அட்டை உள்ள எவரும் அங்கே தரிக்கலாம், அயலவரோடு அதற்காகச் சண்டை போட்டுப் பயனில்லை. சில கட்டங்கள் வெறும் வேண்டுகோள் அளவிலானவை, அவற்றில் அட்டை இல்லாதவர் நின்றாலும் தண்டம் விதிக்க முடியாது. விண்ணப்பிக்கும்போதே, சட்ட ஆணையுடன் வரும் கட்டமா என்று கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள்.

புதுப்பித்தல் தானாக நடப்பதில்லை. விண்ணப்பம் 12 வாரம் வரை இழுபடலாம் என்பதால், காலாவதித் திகதிக்கு மூன்று மாதம் முன்னதாகவே தொடங்குங்கள். புதியது தபாலில் வருகிறது என்று சொல்லிப் பழைய அட்டையை முன்கண்ணாடியில் வைத்தால், தண்ட அலுவலருக்கு அது காலாவதியான அட்டைதான்.