கல்லைத் தள்ளிய கண்ணாடி

"சார், இந்தக் கல் தானா நகருதாமே, நிஜமா?" வாட்ஸப்பில் ஒரு படத்தை அனுப்பிக் கேட்டிருக்கிறார் வாசகர் ஒருவர். வெடித்த சேற்றுத் தரை, அதில் ஒரு கல், பின்னால் பாம்பு போனது போல ஒரு தடம். படம் நிஜம்தான். கூட வந்த பேய்க்கதையை அனுப்பியவருக்கே திருப்பிவிடுங்கள்.

இடம், கலிஃபோர்னியாவின் டெத் வேலி, அதாவது மரணப் பள்ளத்தாக்கு. 1849இல் தங்கம் தேடிப் புறப்பட்டு வழி தவறிய கூட்டம் வைத்த பெயர். திம்பிஷா ஷோஷோனி பழங்குடி மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே குடியிருந்தார்கள். அவர்களைக் கேட்டிருந்தால் வேறு பெயர் சொல்லியிருப்பார்கள். பூமியின் பாறை ஓடு இழுபட்டு, நடுத்துண்டு இறங்கியதால் வந்த பள்ளம் இது. அதன் மிகத் தாழ்ந்த இடமான பேட்வாட்டர் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. பக்கத்திலேயே டெலஸ்கோப் சிகரம், 3,366 மீட்டர். மேற்கே சியரா நெவாடா மலைத்தொடர் மழை மேகங்களை வழியிலேயே கறந்துவிடுகிறது.

கற்கள் நகரும் ரேஸ்டிராக் பிளாயா மட்டும் மேலே, சுமார் 1,130 மீட்டர் உயரத்தில் இருக்கும் வற்றிய ஏரி. எப்போதாவது அங்கே தேங்கும் தண்ணீர் குளிர்கால இரவில் உறையும்.

ரால்ஃப் லோரென்ஸ் என்ற கோளியல் ஆய்வாளர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கல்லைப் போட்டு, தண்ணீர் ஊற்றி ஃபிரீசரில் வைத்தார். ஐஸோடு உறைந்த கல்லை மணல் பரப்பிய தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து, வாயால் ஊதினார். நகர்ந்தது! ஐஸ் மிதந்து கல்லைத் தூக்கும் என்பது கணக்கு. அழகான கணக்கு, பாதிதான் சரி.

ரிச்சர்ட் நோரிஸ், ஜேம்ஸ் நோரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 15 கற்களில் ஜிபிஎஸ் பொருத்தி அங்கே வைத்தார்கள். "கல் நகர்ந்தால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்கும் நிதிக்குழுவிடம் இதற்குப் பணம் வாங்கிப் பாருங்கள்! 2013 டிசம்பரில் அந்த இருவர் கண்ணெதிரிலேயே அது நடந்தது. ஆழமற்ற தண்ணீர்மேல் ஜன்னல் கண்ணாடி கனத்தில், 3 முதல் 6 மில்லிமீட்டரே உள்ள ஐஸ். வெயில் ஏறியதும் அது படபடவென்று உடைந்து, பெரிய பெரிய தகடுகளாக மிதந்தது. நொடிக்கு 3 முதல் 5 மீட்டர் காற்று, அதாவது கொடியில் காயும் வேட்டியை ஆட்டுகிற காற்றுதான். ஆனால் பிடித்துத் தள்ள அத்தனை அகலமான தகடு கிடைக்கிறதே! தகடு கல்லில் முட்டுகிறது. அடியில் வழுக்கும் சேறு. கல் தூக்கப்படாமலே நிமிடத்துக்குச் சில மீட்டர் உழுதுகொண்டு போகிறது. பக்கத்துக் கற்களும் சேர்ந்தே நகர்வதால், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. தடமோ கலங்கல் தண்ணீருக்கடியில். வற்றிய பிறகுதான் வெளியே வரும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஓரத்தில் இன்னொரு கல் இருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள்: முதல் தடம் வளையும் இடத்தில் அதன் தடமும் அதே கோணத்தில் வளைகிறது. இரண்டையும் தள்ளியது ஒரே தகடு.